வரிச் சட்டத்துக்குள் ஒரு காடு

அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தில், 15 லட்சம் ஏக்கர் கடலோரச் சமவெளியில் எண்ணெய் எடுக்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்றது 1980ஆம் ஆண்டுச் சட்டம். 1995இல் அந்த ஒப்புதலை பட்ஜெட் மசோதாவுக்குள் நுழைத்தார்கள், கிளிண்டன் தடுத்தார். 2017 டிசம்பரில் ட்ரம்பின் வரிக்குறைப்புச் சட்டத்தில் அதே தந்திரம் பலித்தது. தனி மசோதா என்றால் செனட்டில் முட்டுக்கட்டையை உடைக்க 60 வாக்கு தேவை. பட்ஜெட் வழியில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 51–48.

கரிபூ மான்கள் கன்று ஈனும் நிலம் அது. அவற்றை நம்பி வாழும் குவிச்சின் பழங்குடிகள் 1988 முதல் ஒன்றுகூடி எதிர்க்கிறார்கள். (காக்டோவிக் ஊரின் இன்யூபியாட் மக்களில் பலர் எண்ணெயை ஆதரிக்கிறார்கள். பழங்குடிகளுக்கெல்லாம் ஒரே குரல் என்று நாம் எழுதிவிட வேண்டாம், தோழர்களே.)

பத்தாண்டில் 100 கோடி டாலர் வருமென்று கணக்குக் காட்டினார்கள். 2021 ஜனவரி ஏலத்தில் கிடைத்தது சுமார் 1.44 கோடி. 2025 ஜனவரி ஏலத்தில் ஒருவரும் விலை கேட்கவில்லை.