பணம், பேராசை, வேதவாசிப்பு: சேலம்–நாமக்கல் சமவெளி

செல்வம், கடன், வட்டி, காணிக்கை ஆகியவற்றைப் பற்றி விவிலியமும் திருச்சபைகளும் சொல்லிவந்தவையும், அவற்றை விசுவாசிகள் புரிந்துகொண்ட விதமும் சேர்ந்ததே பணத்தைப் பற்றிய கிறித்தவப் பார்வை. சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியில் இந்தப் பேச்சுக்குத் தனி அழுத்தம் உண்டு. இங்கே தொழில் என்றாலே கடன்தான். நாமக்கல் லாரியும் கோழிப்பண்ணையும், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியும், பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறியும் பைனான்ஸ் இல்லாமல் நகராது. இப்பகுதியில் கிறித்தவர்கள் சிறுபான்மையினர். ஆனால் தவணை கட்டாத வீடு எந்தச் சமயத்தாரிடமும் அபூர்வம் என்பதால், பண ஆசையைக் கண்டிக்கும் வசனத்தை எப்படி வாசிப்பது என்பது இங்கே அன்றாட வாழ்க்கையைத் தொடும் கேள்வி.

இந்தச் சமவெளிக்குக் கிறித்தவம் துறவு வேடத்தில்தான் வந்தது. தத்துவ போதகர் என்று அறியப்பட்ட இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி 1623இல் மதுரையை விட்டுப் புறப்பட்டு, சேந்தமங்கலத்தில் இராமச்சந்திர நாயக்கரைச் சந்தித்துவிட்டுச் சேலம் வந்தார். சந்நியாசியின் எளிமையே அவருக்குச் செல்வாக்கைத் தந்தது. 1827இல் சேலத்தில் பணியைத் தொடங்கிய லண்டன் மிஷன் சங்கத்தார் வேறு வழியில் போனார்கள். பள்ளிக்கூடத்தோடு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்து, உழைத்துச் சம்பாதிப்பதை விசுவாசத்தின் பகுதியாகவே ஆக்கினார்கள். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் உருவான தேசிய மிஷனரி சங்கம், இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு சேலம் மாவட்டத்தின் ஓமலூர் வட்டத்தில் ஊழியம் செய்தது. அச்சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, பின்னாளில் தோர்னக்கல் பேராயராக இருந்து, கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். உலை வைக்கும் முன் பெண்கள் எடுத்துவைக்கும் பிடி அரிசியும், அறுப்பின் பண்டிகையில் கோழியும் பூசணியும் ஏலம் போவதும் இந்தச் சுயசார்பு மரபைச் சேர்ந்தவை. இருப்பதில் ஒரு பங்கு என்பதற்கு மேல் அவற்றில் பேரம் எதுவும் இல்லை.

பேரம் பின்னால் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வலுப்பெற்ற செழிப்பின் உபதேசம், கூட்டங்கள் வழியாகவும் பிறகு தொலைக்காட்சி வழியாகவும் தமிழ்நாட்டை அடைந்தது. விசுவாசி விதையாகக் காணிக்கை போட்டால் தேவன் பல மடங்காகத் திருப்பித் தருவார், வறுமையும் நோயும் விசுவாசக் குறைவின் அடையாளம் என்பதே அதன் சாரம். 2010இல் கேப்டவுனில் கூடிய, உலகச் சுவிசேஷக் கிறித்தவர்களின் லோசான் மாநாட்டின் அறிக்கை இதை வெளிப்படையாக மறுத்தது.

மறுப்பதற்கு மாநாடு வரை போகவேண்டியதில்லை, கொல்லிமலை ஏறினால் போதும். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும், லண்டனின் வசதியான குடும்பத்தில் பிறந்த ஈவ்லினும் 1913இல் அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மணம் முடித்து மலைக்குப் போனார்கள். பள்ளிகள், மருந்து, தச்சுவேலை, பழத்தோட்டம் என்று உழைத்த ஜெஸ்ஸி, 1929 ஜூனில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் 44 வயதில் இறந்தார். ஈவ்லின் 1947இல் மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் மீண்டும் மலைக்கே சென்றார். மட்டக் குதிரையில் ஊர் ஊராகப் போய், 1974 டிசம்பரில் 95 வயதில் மறையும்வரை அந்த மக்களோடு இருந்தார். பிற்காலத்தில் வேலூரில் தொழுநோய் அறுவை மருத்துவத்தில் பெயர்பெற்ற பால் பிராண்ட் இவர்களுடைய மகன். 1914இல் பிறந்து, சிறுவயதில் இந்த மலையில் வளர்ந்தவர். செழிப்பின் உபதேசம் சரி என்றால் ஜெஸ்ஸியின் சாவுக்கு ஒரே விளக்கம் அவருடைய விசுவாசக் குறைவு. இதை ஏற்க நியாயமான எந்த வாசகருக்கும் மனம் வராது.

தவறான வாசிப்பு என்றதும், முதல் தீமோத்தேயு 6ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தில் ஆசை என்ற சொல்லை விட்டுவிட்டுப் பணமே தீமைக்கு வேர் என்று சொல்வதைத்தான் எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அது எளிதில் திருத்தக்கூடிய பிழை. பணக்காரர் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசிக்கண்ணில் நுழைவது எளிது என்றார் இயேசு. அந்த ஊசிக்கண் எருசலேமில் இருந்த ஒரு சிறுவாசல் என்ற விளக்கமும் அப்படித்தான். அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று கிடையாது. இடைக்கால விளக்கங்களில்தான் அந்த வாசல் தோன்றுகிறது. பணக்காரருக்குக் குனிந்து நுழைய ஒரு வழி வேண்டியிருந்தது, அதனால் அது நிலைத்துவிட்டது.

இதைவிடப் பெரிய பிழை, வாசிப்பை எங்கே தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது. காணிக்கைக் கவர்களில் அதிகம் அச்சாகும் வசனங்களைப் பார்க்கலாம். மல்கியா 3:10 தசமபாகத்தைக் கொண்டுவரச் சொல்லி, வானத்தின் பலகணிகளைப் பற்றி வாக்களிக்கிறது. அதற்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியை அபகரிப்பவர்களுக்கும், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவர்களுக்கும் எதிராகத் தேவனே சாட்சியாக வருவதாக எழுதியிருக்கிறது. லூக்கா 6:38, கொடுத்தால் அமுக்கிக் குலுக்கி அளந்து கிடைக்கும் என்கிறது. மூன்று வசனம் மேலே போனால், திருப்பிக் கிடைக்கும் என்று எதிர்பாராமல் கடன் கொடுக்கச் சொல்கிறார் இயேசு. இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதை மாற்கு 12:41இல் தொடங்குகிறது. அதற்கு முந்தின வசனமே விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகரைக் கண்டிக்கிறது. அவளை இயேசு பாராட்டினாரா, அவளிடமிருந்ததை எல்லாம் உறிஞ்சிய அமைப்பைப் பார்த்து வருந்தினாரா என்று அமெரிக்க விவிலிய அறிஞர் ஆடிசன் ரைட் 1982இல் ஒரு கட்டுரையில் கேட்டார். அவர் சொன்ன இரண்டாவது வாசிப்பே இந்த இடத்துக்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் அச்சில் விடுபடுவது கூலியும் கடனும் விதவையும்தான்.

வட்டியைப் பொறுத்தவரை விவிலியம் தயங்கவில்லை. யாத்திராகமம் 22:25 ஏழையிடம் வட்டி வாங்கக் கூடாது என்கிறது. உபாகமம் 23 அந்நியனிடம் மட்டும் வாங்கலாம் என்று விலக்கு தருகிறது. 325இல் கூடிய நைசியா சங்கத்தின் 17ஆம் விதி குருமார் வட்டிக்கு விடுவதைத் தடுத்தது. 16ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தத் தலைவர் கால்வின், தொழில் கடனுக்கு மிதமான வட்டியை ஏற்று, ஏழையிடம் வாங்குவதைக் கண்டித்தார். லாரி வாங்கக் கடன் தருவதும் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கடன் தருவதும் ஒன்றல்ல என்ற அந்த வேறுபாடு இன்றைக்கும் பயன்படும். இயேசு சொன்ன தாலந்து உவமையில், கொடுத்த பணத்தைப் பெருக்காத வேலைக்காரனிடம் எஜமான் வட்டியைக் கேட்கிறான் என்பதைக் காட்டி வட்டித் தொழிலை நியாயப்படுத்துவோர் உண்டு. உவமையில் ஒரு பாத்திரம் சொன்னது சட்டம் ஆகிவிடாது.

இந்தச் சமவெளிக்கு மிக நெருங்கிய பகுதி நெகேமியா 5ஆம் அதிகாரம். பஞ்சத்தில் நிலத்தையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்து, ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கி, பிள்ளைகளை அடிமையாக விடும் நிலைக்கு வந்தவர்கள், யூதேயாவின் ஆளுநரான நெகேமியாவிடம் முறையிடுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் அவர்களுடைய சொந்த இனத்தாரே. நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், நூற்றுக்கு ஒன்று வீதம் வாங்குவதையும் விட்டுவிடுங்கள் என்று அவர் சபையைக் கூட்டிக் கேட்கிறார். இந்த நூற்றுக்கு ஒன்றை மாத வட்டி என்றே பலர் பொருள்கொள்கிறார்கள். நம் பக்கத்துக் கணக்கில் அது ஒரு ரூபாய் வட்டி. நியாயமான வட்டி என்று ஊரே ஒத்துக்கொள்ளும் வட்டி. தண்டல் என்ற தினவசூல் கடனிலோ, கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கையில் தந்து, முழுத்தொகைக்கும் தினத்தவணை வாங்குவார்கள். மீட்டர் வட்டி, கந்துவட்டி ஆகியவற்றோடு இந்தத் தண்டலையும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நெகேமியா கண்டித்தது இவற்றை அல்ல, இவற்றைவிட எவ்வளவோ குறைந்த ஒன்றை. ஆனால் கத்தோலிக்க ஞாயிறு வாசகங்களில் நெகேமியா நூலிலிருந்து 8ஆம் அதிகாரம் மட்டுமே வருகிறது. செழிப்பின் உபதேசக் கூட்டங்களிலும் 5ஆம் அதிகாரத்துக்கு இடம் கிடைப்பதில்லை. இது பெரிய இழப்பு.

நெகேமியா கேட்ட முறையீடு இங்கே பழங்கதை அல்ல. 2025இல், பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் நெருக்கடியில் சிறுநீரகத்தை விற்ற செய்திகள் வெளியாகி அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. தறி ஓட்டும் குடும்பங்களில் பல, முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் தீராமல் வேறு பட்டறைக்கு மாற முடியாதவை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, ஒருவரைக் கொத்தடிமையாகக் கட்டிவைத்திருக்கும் கடன் சட்டத்தின் முன் ரத்தானது. அதைத் திருப்பிக் கட்டவேண்டியதில்லை. ஏழாம் ஆண்டில் கடனை விடச் சொல்லும் உபாகமம் 15ஐ ஓதும் சபைகள், அட்வான்ஸைக் கட்டினால்தான் வெளியேற முடியும் என்று நம்பிக்கொண்டிருக்கும் குடும்பங்களிடம் முதலில் போய்ச் சொல்லவேண்டிய செய்தி இது.