கடல் இல்லாத நாட்டுக்குக் கடற்படை

பொலிவியாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆனா கடற்படை இருக்கு! டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும் ரோந்து சுத்துது. சிரிக்காதீங்க மக்கா, பின்னாடி பெரிய சோகம் இருக்கு.

1825-ல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கினப்போ அட்டகாமா பாலைவனக் கரை அவங்க கணக்கில்தான் இருந்தது. அங்கே நைட்ரேட் உப்பு. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் ஐரோப்பா அள்ளி அள்ளி வாங்கிச்சு. ஆனா முதல் போட்டது சிலி, பிரிட்டிஷ் முதலாளிகள். வெட்டினதும் பெரும்பாலும் சிலிக்காரங்கதான்.

25 வருஷத்துக்கு வரியைக் கூட்டமாட்டோம்னு 1874-ல் சிலியோடு ஒப்பந்தம். நாலே வருஷத்தில் குவிண்டாலுக்கு 10 சென்டாவோ வரி! கம்பெனி கட்ட மறுத்தது. சரி, சொத்தை ஏலம் விடுவோம்னு நாள் குறிச்சாங்க. அதே நாளில், 1879 பிப்ரவரி 14, சிலிப் படை அண்டோஃபகஸ்டாவில் வந்து இறங்கிடுச்சு.

என்னைக் கேட்டா அந்த 10 சென்டாவோ வெறும் சாக்கு. ஊர் முழுக்க சிலிக்காரங்க; பொலிவியாவின் உரிமை வரைபடத்தில் மட்டும்தான்.

(ரகசிய ஒப்பந்தத்தால் நடுவில் மாட்டிக்கிட்டு, 1881-ல் லிமாவையே பறிகொடுத்த பெருவின் கதைக்குத் தனிப்பதிவு போடணும்.)

1904-ல் கரையை நிரந்தரமா எழுதிக் கொடுத்தாச்சு. பதிலுக்கு அரிக்காவிலிருந்து லா பாஸுக்கு ரயில் பாதையும், சிலித் துறைமுகங்கள் வழியா சரக்கு கொண்டுபோகும் உரிமையும் கிடைச்சது.

2013-ல் பொலிவியா ஹேக் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போச்சு. கடல் வழி பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தச் சிலிக்குச் சட்டக் கட்டாயம் இல்லைன்னு 2018 அக்டோபர் 1-ல் 12-க்கு 3 என்று தீர்ப்பு.

அடுத்த மார்ச் 23-லும் அங்கே வழக்கம்போல 'கடல் நாள்' கொண்டாடினாங்க.