எல்லையில் ஒரு துப்பாக்கி

கனடாவின் எல்லைச் சாவடிகளில் சுங்க உத்தியோகத்தர் நெடுங்காலம் வரி அறவிடுபவராகவே கருதப்பட்டார். குண்டாந்தடியும் மிளகுத் தெளிப்பானும் பிற்காலத்தில் வந்தவை. ஆயுதத்தோடு ஒருவன் வந்தால் வழிவிட்டுப் பொலிசாருக்கு அறிவிக்கவேண்டும், அதுதான் நடைமுறை.

2006 ஜனவரி 24இல், கலிபோர்னியாவில் கொலைக்காகத் தேடப்பட்ட இருவர் வடக்கே வருவதாகத் தகவல் வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பீஸ் ஆர்ச் சாவடி உத்தியோகத்தர்கள் வேலையை விட்டு வெளியேறினர். அவ்விருவரும் எல்லையைத் தொடுமுன்னரே பிடிபட்டனர். ஆனால், உத்தியோகத்தருக்கு ஆயுதம் தருவதாக வாக்களித்த ஹார்ப்பரின் கட்சி முதல்நாள்தான் தேர்தலில் வென்றிருந்தது. 2007இல் முதல் அணியினர் துப்பாக்கி ஏந்தினர். திட்டம் நிறைவேற 2016 ஆயிற்று.

தெரிவானது இத்தாலியப் பெரெற்றா நிறுவனத்தின் பீஎக்ஸ்4 ஸ்ரோம், 9 மில்லிமீற்றர் கைத்துப்பாக்கி. சுடும்போது அதன் குழல் சற்றே சுழன்று உதைப்பைத் தணிக்கும். பிடியின் பின்பகுதியை மூன்று அளவுகளில் மாற்றலாம். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே ஆயுதம் என்றால், சிறிய கைக்கும் பெரிய கைக்கும் அது பொருந்தியாகவேண்டும்.

விமான நிலையக் கட்டடங்களுக்குள் இதற்கு இடமளிக்கப்படவில்லை. அங்கே ஆயுதந்தரித்த பொலிசார் ஏற்கெனவே இருந்தனர். ஆகவே விமானத்தில் வந்திறங்கி அகதி என்றவர் வெறுங்கையோடு இருந்த உத்தியோகத்தரைக் கண்டார். பவலோவிலிருந்து பாலம் கடந்து வந்தவர் கண்டதோ இடுப்பில் துப்பாக்கியோடு நின்றவரை. கேட்கப்பட்ட கேள்விகள் ஒன்றுதான்.

உத்தியோகத்தரின் பயம் நியாயமானது. அதற்கு ஒரு விடை கிடைத்தது. சீருடைக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சி நாட்டைவிட்டு ஓடிவந்து, அவர் எதிரே நின்று தன் கதையைச் சொல்பவரின் பயமும் அந்தக் கணக்கில் சேரவேண்டியதே.