வளைவில் ‘டக் டக்’ சத்தமா? முதல்ல ஆக்ஸில் பூட்டைப் பாருங்க!

ஃபோர்டு ஐகான் 1.6, ஃபியட் பாலியோ 1.6, ஹோண்டா சிட்டி வி-டெக்... கம்மி பட்ஜெட்டில் ஸ்போர்ட்டியான பழைய கார் தேடுறவங்க லிஸ்ட்டில் இந்தப் பேரெல்லாம் கட்டாயம் இருக்கும். கோவாவில் தயாரான இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் சான் ஸ்டார்ம்கூட சிலருக்குக் கனவு கார்தான். இவை அனைத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாமே ஃப்ரன்ட் வீல் டிரைவ் கார்கள். அதாவது, முன் வீல்கள்தான் காரை இழுக்கும்; அதே வீல்கள்தான் திரும்பவும் செய்யும்.

இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்ய உதவுவது ஆக்ஸில் ஜாயின்ட். அதைப் பாதுகாப்பது, மடிப்பு மடிப்பாக இருக்கும் ஒரு ரப்பர் உறை. மெக்கானிக்குகள் இதை ‘ஆக்ஸில் பூட்’ என்பார்கள். பூட் சில நூறு ரூபாய். அது கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டால், பல ஆயிரம் ரூபாய் ஆக்ஸிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

உள்ளே என்ன இருக்கு?

கியர்பாக்ஸிலிருந்து வீலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்ஸில். அதன் இரு முனைகளிலும் சி.வி. ஜாயின்ட் இருக்கும். ஆக்ஸில் வளைந்த நிலையில் சுற்றினாலும், சுழலும் வேகம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. வீல் பக்கம் உள்ள வெளி ஜாயின்ட்டில் பொதுவாக 6 எஃகு குண்டுகள், பள்ளங்களில் உருளும். 1920-களில் ஃபோர்டு இன்ஜினீயர் ஆல்ஃபிரெட் ரெப்பா உருவாக்கிய டிசைன் இது. கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ஜாயின்ட்டில் பெரும்பாலும் 3 ரோலர்கள் இருக்கும்.

இந்தக் குண்டுகளுக்கு உயிரே கிரீஸ்தான். பூட் கிழிந்தால், வீல் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த ஓட்டை வழியாக மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். மிச்சமிருக்கும் கிரீஸோடு மண் சேர்ந்தால், அது உப்புத்தாள் மாதிரி ஜாயின்ட்டைத் தேய்க்க ஆரம்பிச்சிடும்.

மதுரைக்காரங்க ஏன் கூடுதலா கவனிக்கணும்?

கத்திரி வெயிலில் மதுரையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது சகஜம். வெயிலும் வயதும் சேர்ந்தால் ரப்பர் வறண்டு, மடிப்புகளில் வெடிப்பு விடும். மேலூர், உசிலம்பட்டி பக்கம் கிராமத்துச் சாலைகளில் போனால் புழுதியோடு, சீமைக் கருவேல முள்ளும் காருக்கு அடியில் உரசும். வீக் எண்டில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனால், கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்து ஓட்ட வேண்டும். அப்போது வெளி பூட்டின் ஒரு பக்கம் விரிந்து, மறுபக்கம் நசுங்கும். வறண்ட ரப்பர் அங்கேதான் கிழியும்.

5 நிமிஷ செக்கிங்

* காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுசா ஒடிந்திருக்கட்டும்.
* மொபைல் டார்ச் அடித்து, வீலுக்குப் பின்னால் பூட்டின் ஒவ்வொரு மடிப்பையும் பாருங்க. மறுபக்கமும் இதே மாதிரி பாருங்க.
* வீல் ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.
* ஆளில்லாத மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுசா ஒடித்து, மெதுவாக வட்டமடிங்க. ‘டக் டக்’ சத்தம் வந்தால் வெளி ஜாயின்ட் தேய ஆரம்பித்துவிட்டது.
* நேராகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார் உதறுகிறதா? உள் ஜாயின்ட்டையும் சந்தேகப்படுங்க.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போறீங்கன்னா, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைச் செய்துடுங்க. பேரம் பேசவும் உதவும்.

மாற்றும்போது என்ன நடக்கும்?

முதலில் வீல் நடுவில் இருக்கும் பெரிய ஆக்ஸில் நட்டை, கார் தரையில் நிற்கும்போதே தளர்த்துவார்கள். பிறகு காரைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தணும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் யாருமே போகக் கூடாது. கீழ் பால் ஜாயின்ட்டைக் கழற்றி, ஆக்ஸிலை வெளியே எடுப்பார்கள். கியர்பாக்ஸ் பக்கமும் உருவினால் கியர் ஆயில் ஒழுகும். அதைத் திரும்ப நிரப்பச் சொல்ல மறக்காதீங்க.

அடுத்ததுதான் முக்கியமான கட்டம். ஜாயின்ட்டைப் பிரித்து, பழைய கிரீஸைச் சுத்தமாகக் கழுவணும். பள்ளங்களில் குழி, சொரசொரப்பு இருக்கிறதா என்று உங்க கண்ணாலேயே பாருங்க. இருந்தால், புது பூட் போட்டும் பிரயோஜனம் இல்லை, ஜாயின்ட்டையே மாற்றணும். நல்லா இருந்தால், பூட்டோடு வரும் சி.வி. ஜாயின்ட் கிரீஸை அளவு குறையாமல் போடணும். வீல் பேரிங் கிரீஸ் இதற்குச் சரிவராது.

பூட்டுக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றிவிட்டு, இரண்டு பக்கமும் கிளாம்ப்பை இறுக்கணும். “இப்போதைக்குக் கட்டுக்கம்பி சுத்திவிடுறேன்ணே” என்று சொன்னால், “வேணாம் தம்பி, கிளாம்ப்பே போடுங்க” என்று சொல்லிடுங்க. கம்பி ரப்பரை அறுத்துவிடும். கடைசியாக ஆக்ஸில் நட். இதைப் புதிதாகப் போட்டு, கம்பெனி சொன்ன டார்க் அளவில் இறுக்குவதுதான் பாதுகாப்பு.

பார்ட்ஸ் கிடைக்கலையா?

ஐகான் தயாரானது நம்ம மறைமலைநகரில்தான். ஆனால், இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-ல் ஃபோர்டு அறிவித்துவிட்டது. இந்த மாதிரி கார்களுக்கு பார்ட்ஸ் தேடும்போது மாடல் பெயரை மட்டும் சொன்னால் போதாது. பழைய பூட்டைக் கையோடு கொண்டுபோங்க. இரண்டு வாய்களின் விட்டமும் நீளமும் பொருந்தினால்தான் வாங்கணும். ஆக்ஸிலைக் கழற்றாமலே ஒட்டும் ஸ்பிளிட் பூட் அவசரத்துக்கு ஓகே. நிரந்தரத் தீர்வு ஒரே பீஸாக வரும் பூட்தான்.

உடைஞ்சா என்ன ஆகும்?

ஒரு பக்க ஆக்ஸில் உடைந்தாலும் இந்த வகை கார் நகராது. கியர் விழும், இன்ஜின் உறுமும், அவ்வளவுதான். அதைவிட ஆபத்து ஒன்று இருக்கு. மேட்டில் நிற்கும்போது முதல் கியரில் போட்டாலும் கார் நிற்காமல் உருளும். அதனால் மலைப்பாதையில் இப்படி ஆனால், காலை பிரேக்கிலிருந்து எடுக்காதீங்க. ஹேண்ட்பிரேக்கை முழுசா இழுத்து, கூட இருப்பவரை வீலுக்குக் கல் வைக்கச் சொல்லுங்க. அதற்குப் பிறகு டோ வண்டியைக் கூப்பிடலாம்.

ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் “நாலு பூட்டையும் பார்த்துடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லுங்க. சத்தம் வரும் முன்பே கிழிசலைக் கண்டுபிடித்தால், செலவு பெரும்பாலும் பூட்டோடு முடிஞ்சிடும்.