புழுங்கலரிசியும் மரவள்ளிக்கிழங்கும்



சிங்கப்பூரிலே குவீன்ஸ்டவுன் என்றொரு பகுதி இருக்கிறது. 1953-இல் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டிப் பெயர் பெற்ற ஊர்; இன்று மாடி வீடுகள் நிறைந்தது. ஆனால் 1932-இலேயே தஞ்சோங் பகார் நிலையத்துக்குச் செல்லும் புதிய ரயில்பாதை அவ்வழியே போடப்பட்டுவிட்டது. அதே ஆண்டு நம் ரயில்வேத் தொழிலாளர்கள் பாதையோரத்தில் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். கோயில் 1998-இல் இடம் மாறிற்று. ரயில் 2011-இல் நின்றது.

அந்தத் தொழிலாளர்களும் நம் பாட்டன்மாரும் ஒரே கரையிலிருந்து கப்பலேறியவர்கள்தாம். வானம் பார்த்த பூமியில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் குடித்தவர்களுக்கு நெல்லுச்சோறு திருநாள் உணவு. மலாயாவிலோ அதுவே அன்றாட உணவாயிற்று. அதிலும் அவர்கள் புழுங்கலரிசியையே கேட்டு வாங்கினார்கள்.

இதிலேதான் ஒரு வியப்பு. அக்காலத்தில் சயாம் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் கால் மரத்து, உடல் வீங்கி, 'பெரிபெரி' நோயால் ஏராளமாக மடிந்தார்கள். நம்மவர்களுக்கு அது அரிதாகவே வந்தது. பிராடன் என்ற மருத்துவர் இதைக் கவனித்து 1907-இல் நூலாகவே எழுதினார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. நம் பாட்டிமார் இதை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை!

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி குறைந்தது, பங்கீடும் சுருங்கிற்று. நகரத்தார் முற்றத்திலும், நாம் லயத்துப் பின்புறத்திலும் மரவள்ளியை ஊன்றினோம். குச்சியை ஒடித்து நட்டாலே முளைக்கும் செடி அது. கிழங்கும் உணவு, இலையும் உணவு. ஆனால் கசப்பு வகையில் நஞ்சுண்டு. தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவிட்டு நீரைக் கொட்ட வேண்டும். கிழங்கு வயிற்றை நிரப்பியதே தவிர, உடலை வளர்க்கும் புரதம் அதில் மிகக் குறைவு. மூன்றரை ஆண்டில் பிள்ளைகள் மெலிந்தார்கள்.

இன்று மரவள்ளி அவித்தால், "பஞ்சத்துச் சாப்பாடா?" என்று முகம் சுளிக்கும் மாணவரை நாம் வகுப்பில் காண்கிறோம். அந்தப் பஞ்சம் எப்போது வந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்தைக் கண்ட பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவே அருகில் அமர்ந்து கேளுங்கள்.