படமும் குறிப்பும்

வரலாற்று ஆராய்ச்சிக்குச் சான்றுகள் இன்றியமையாதவை. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் ஆகியவற்றைச் சான்றுகளாகக் கொள்வது மாணவர் அறிந்ததே. ஒளிப்படத்தையும் இவ்வரிசையில் வைத்து எண்ணுதல் வேண்டும். ஆயினும் படம் தனித்து நின்று சான்றாகிவிடாது. அதில் இருப்பது யாது, அஃது எங்கே, எப்பொழுது எடுக்கப்பெற்றது என்னும் குறிப்புகள் உடன் இருந்தாலன்றி அதனால் பயன் சிறிதே. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டுத் திருமேனிகள் இரண்டின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

1955ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் நிறுவப்பெற்றது. ழான் ஃபிலியொசா என்னும் அறிஞர் அதன் முதல் இயக்குநர். மறு ஆண்டு முதல் அந்நிறுவனத்தார் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்துத் தொகுக்கலாயினர். கோபுரம், தூண், கோட்டம், திருமேனி என்று ஊர்தோறும் எடுத்த படங்கள் நாளடைவில் ஓரிலட்சத்தைக் கடந்தன. கலையையும் சமயத்தையும் ஆராய்வதே அவர்தம் நோக்கம்; களவைத் துலக்குவது அன்று.

அரியலூர் மாவட்டத்திலுள்ள ஸ்ரீபுரந்தான் சிற்றூர். அங்குள்ள சோழர் காலக் கோயிலிலிருந்து நடராசர் செப்புத் திருமேனி 2006ஆம் ஆண்டில் களவு போயிற்று. 2008இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதனை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிற்று. விருத்தாசலம் கோயிலிலிருந்த அர்த்தநாரீசுவரர் கற்சிலையோ, 2004ஆம் ஆண்டிலேயே சிட்னியிலுள்ள கலைக்கூடத்தை அடைந்துவிட்டது. இரண்டையும் விற்றவர் நியூயார்க் நகர வணிகர் ஒருவரே. அர்த்தநாரீசுவரர் 1970ஆம் ஆண்டில் தில்லிக் கடை ஒன்றில் விலைக்கு வாங்கப்பட்டதாக ஒரு சீட்டையும் அவர் காட்டினார்.

இப்பொழுது புதுச்சேரிப் படங்கள் பேசலாயின. 1974இல் எடுத்த படம் ஒன்றில் அதே அர்த்தநாரீசுவரர் விருத்தாசலம் கோயிற் கோட்டத்தில் நின்றார். 1994இல் எடுத்த படத்தில் அதே நடராசர் ஸ்ரீபுரந்தானில் இருந்தார். 1970இல் தில்லியில் விலைபோன சிலை 1974இல் கோயிலில் இருப்பது எவ்வாறு? சீட்டு பொய் என்பது தெளிவாயிற்று. 2014ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் இரு திருமேனிகளையும் தில்லியில் இந்தியப் பிரதமரிடம் ஒப்படைத்தார்.

இங்கே ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 1974 என்னும் ஆண்டுக் குறிப்பு இல்லாதிருந்தால், 'படம் சிலை விற்கப்படுவதற்கு முன் எடுத்தது' என்று சொல்லி வணிகர் தப்பியிருக்கலாம். சிலையின் உருவத்தைக் காட்டியது படம். பொய்யை வென்றதோ அதனுடன் இருந்த குறிப்பு.

படங்கள் பெருகும்பொழுது குறிப்புகளைத் தேடி எடுப்பது அரிதாகும். முன்னாளில் சீட்டுகளில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கினர். ஊர் வரிசையில் அடுக்கிய சீட்டுகளைக் கொண்டு, நடராசர் உள்ள படங்களை மட்டும் திரட்டுவது பெரும்பாடு. இணையவழித் தரவுத்தளம் இக்குறையைப் போக்குகிறது. ஒரு முறை பதிந்த குறிப்பை ஊர், தெய்வம், காலம் என எவ்வழியிலும் வரிசைப்படுத்தலாம், தொலைவிலிருப்போரும் நோக்கலாம். 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்றாளர்கள் வெளியிட்ட 'ஒமேகா' இத்தகைய கருவிகளுள் ஒன்று. குறிப்புகளுக்குப் பொதுவான தலைப்புகள் வேண்டும் என்பதற்காக 1995இல் ஒஹையோ மாநிலத்து டப்ளின் நகரில் அறிஞர் கூடினர். 'டப்ளின் கோர்' எனப்படும் 15 தலைப்புகள் அம்முயற்சியின் பயனாகும்.

கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பதிவோன் விழிப்புடன் இருத்தல் வேண்டும். விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் இரு பெயரும் ஓரூரையே குறிப்பன. ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் எழுதிவைத்தால், தேடுவோர்க்குப் பாதிப் படங்களே கிட்டும். ஆகவே ஒரு பெயரைத் தலைமைப் பெயராகக் கொண்டு ஏனையவற்றை அதனோடு இணைத்தல் வேண்டும். சிலை செய்யப்பட்ட காலமும் படம் எடுத்த காலமும் வெவ்வேறு. அவற்றை ஒரே கட்டத்தில் இட்டால் பெருங்குழப்பம் விளையும். படத்திற்கு இட்ட எண்ணையும் பின்னர் மாற்றலாகாது.

மாணவ நண்பர்களே! இன்று கைப்பேசி உடையார் யாவரும் படமெடுப்போரே. உங்கள் ஊர் நடுகல்லையும் கோயிற் சிற்பத்தையும் நீங்களும் படமெடுக்கின்றீர்கள். நாளையும் நேரத்தையும் கருவி தானே பதிந்துகொள்ளும். ஆனால் அக்கல்லை ஊரார் எப்பெயரால் வழங்குகின்றனர், அஃது எத்திசை நோக்கி நிற்கின்றது, எழுத்துகள் எவ்வளவு சிதைந்துள்ளன என்பவற்றைக் கருவி அறியாது. அவற்றை அன்றைக்கே எழுதிவையுங்கள். அக்கல் பின்னொரு நாள் பெயர்த்தெடுக்கப்பட்டால், அஃது எவ்வூருடையது என்று சொல்ல உங்கள் குறிப்பு இருக்கும்.