புடவை மூட்டையுடன் மலையேறிய பத்திரிகையாசிரியர்

வேலை நிமித்தம் பிறநாடு செல்லும் ஒருவர், அலுவல் முடிந்து கையில் மிஞ்சும் நாட்களை எப்படிச் செலவிடுகிறார் என்பதைக் கொண்டு அவரை ஓரளவு அறிந்துகொள்ளலாம். சிலர் கடைத்தெருவுக்குப் போவர். சிலர் கோயில் குளம் தேடுவர். சிலர் மலையும் அருவியும் பார்த்துத் திரும்புவர். 1915ஆம் ஆண்டு வணிக அலுவலாக இலங்கைக்கு வந்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு தேயிலைத் தோட்டத்து லயங்களுக்குள் நுழைந்தார். அந்தச் சில நாட்களின் விளைவு மலையகத்தின் வரலாற்றில் ஆழப் பதிந்திருக்கிறது.

அவர்தாம் கோ. நடேசய்யர். 1887இல் பிறந்த அவர், பாடசாலையில் வணிகக் கல்வி கற்பித்தார். கணக்குப் பதிவு பற்றித் தமிழில் எழுதினார். வணிகர்களுக்கென ‘வர்த்தகமித்திரன்’ என்ற பத்திரிகையையும் நடத்தினார். கொழும்பில் நடைபெற்ற வர்த்தகர் சங்க ஆண்டு விழாவுக்கு வந்ததே அவருடைய முதல் இலங்கைப் பயணம். அதற்கு முந்திய ஆண்டுதான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியிருந்தது. கொழும்பில் இந்திய வணிகர் செழிப்போடு வாழ்ந்தனர். பத்திரிகைக்குச் சந்தா சேர்த்து, விருந்துண்டு, மாலை மரியாதையுடன் அவர் ஊர் திரும்பியிருக்கலாம்.

ஆனால் அவர் மலைநாட்டுக்குப் புகையிரதம் ஏறினார். அன்றைய மலைநாடு பயணிகளுக்குப் புதிதன்று. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, அந்த அனுபவத்தை 1855இல் நூலாக வெளியிட்டுவிட்டார். 1876இல் ஹில் கிளப், 1889இல் கொல்ஃப் கழகம், 1897இல் விக்டோரியா பூங்கா என்று வெள்ளைத் துரைமார் அந்நகரைத் தம் ஊர்ச் சாயலில் அமைத்துக்கொண்டனர். புகையிரதப் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியிருந்தது. குளிர்காற்று, ரோஜாத் தோட்டம், பச்சைக் கம்பளம் போன்ற மலைச்சரிவு என்று எழுதிப் போனவர் பலர். அந்தப் பச்சைக்குள் வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தோட்டங்கள் அடைபட்ட உலகங்களாக இருந்தன. தோட்டத்துப் பாதை துரைக்குச் சொந்தமான பாதை. அவருடைய அனுமதியின்றி அந்நியர் உள்ளே வந்தால், அத்துமீறி நுழைந்த குற்றத்துக்கு ஆளாக நேரும். படித்த இந்தியர் ஒருவர், அதுவும் பத்திரிகைக்காரர், லயத்துப் பக்கம் தலைகாட்ட எந்தத் துரையும் விரும்பமாட்டார். ஆயினும் புடவை வியாபாரி வரலாம். தொழிலாளிக்கும் துணி வேண்டுமல்லவா? ஆகவே நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்பர். அவருடைய வாழ்க்கையைத் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்ற நூலில் எழுதிய சாரல் நாடன் முதலான மலையக எழுத்தாளர்கள் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளனர்.

இந்த வேடம் எவ்வளவு பொருத்தமானது என்று நான் வியப்பதுண்டு. தபாற்காரர் வாசலோடு திரும்பிவிடுவார். கணக்கப்பிள்ளை அதட்டிவிட்டுப் போவார். புடவைக்காரர் மட்டும் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து மூட்டையை அவிழ்ப்பார். பெண்கள் சூழ்ந்து நிற்பர். சேலையின் விலையைக் கேட்டதும் அடுத்த பேச்சு கடன்தான். சம்பளம் எப்போது, அதில் கங்காணி பிடித்துக்கொள்வது எவ்வளவு, அரிசிக்குக் கழிவது எவ்வளவு, கையில் மிஞ்சுவது என்ன என்று குடும்பத்தின் கணக்கு முழுவதும் அவர் முன்னே விரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்குள் ஒரு குடும்பம் உண்டு, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்வதும் கண்ணில் படும்.

மூட்டைக்குப் பின்னால் இருந்தவரோ கணக்குப் பதிவு கற்பித்த ஆசிரியர். அவர் கண்ட தோட்டத்தின் அடிப்படையே கடன் கணக்குத்தான். தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஆள் கட்டிய கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் தொழிலாளியின் பேரில் எழுதிவிடுவார். கொழுந்தில் கை வைக்குமுன்பே அவர் கடனாளி. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் மகுடம் வைத்தாற்போல் இருந்தது ‘துண்டு’ முறை. ஒரு தோட்டத்தை விட்டு நீங்க விரும்பும் தொழிலாளிக்குத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்பேன் என்பதே அதன் பொருள். அடுத்த தோட்டம் பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் தீராது, கைமாறும். கடனோடு மனிதனும் கைமாறுவான். வரவு செலவு அறிந்த ஒருவருக்கு இதைவிடக் கொடிய பேரேடு வேறு இருந்திருக்க முடியாது.

நடேசய்யர் கண்டதைக் கண்டதோடு விட்டுவிடவில்லை. 1920ஆம் ஆண்டளவில் மீண்டும் இலங்கைக்கு வந்து பத்திரிகைத் துறையில் இறங்கினார். 1921இல் ‘தேசநேசன்’, 1924இல் ‘தேசபக்தன்’ என்ற இதழ்கள் அவர் கைவண்ணத்தில் வெளிவந்தன. வணிகருக்காக எழுதிய பேனா தொழிலாளருக்காக எழுதத் தொடங்கியது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. இந்தியாவில் எழுந்த கண்டனமும் அரசாங்கத்தின் நெருக்குதலும் அதற்குக் காரணமாயின. அது தனியொருவர் செய்த காரியமன்று. 1925இல் அவர் சட்டநிரூபண சபையில் இந்தியர் பிரதிநிதியானார். அவர் அங்கத்தவராயிருந்தபோதுதான் 1927ஆம் ஆண்டின் சம்பளச் சட்டம் நிறைவேறியது. 1929 தொடக்கம் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று கூலி வரையறுக்கப்பட்டது. தோட்டத்துக் கணக்கில் தொழிலாளியின் பக்கத்தில் சட்டம் எழுதிய வரவு அது.

1931இல் ஹற்றனைத் தளமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை பாட்டுகள் இயற்றி, கூட்டங்களில் தாமே பாடி, எழுத்தறியாதவர் செவிக்கும் செய்தியைக் கொண்டு சேர்த்தார். அதே ஆண்டில் ‘நீ மயங்குவதேன்?’ என்ற நடேசய்யரின் கட்டுரை நூலும் வெளிவந்தது. அவர் எழுதிய ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ மலையகச் சிறுகதையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. 1936இல் ஹற்றன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பிற்காலத்தில் புதிய தொழிற்சங்கங்கள் வலுப்பெற, அவருடைய செல்வாக்குக் குறைந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அதே ஆண்டு நவம்பரில் மறைந்தார். மறு ஆண்டு வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர் தேடிச் சென்ற மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. அந்தக் கொடுமையின் கடைசி முடிச்சை அவிழ்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பழங்கதை என்று இதை ஒதுக்க என்னால் முடியவில்லை. வகுப்பில் ‘மலைநாடு’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், மாணவர்கள் டெவன் அருவியையும் சென்கிளேயர் அருவியையும் அழகாக வருணிக்கிறார்கள். மேகம் தவழும், குயில் கூவும், கொழுந்தெடுக்கும் மாதர் ஓவியம்போல் நிற்பர். எழுதுபவர்களில் பலர் அந்த மாதரின் பிள்ளைகள். தாயின் கூடை எத்தனை கிலோ, மழை நாளில் காம்பராவின் எந்த மூலை ஒழுகும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் அவை கட்டுரையில் இடம்பெறுவதில்லை. பங்களா முற்றத்தில் நின்று பார்க்கும் விருந்தாளியின் கண்ணே இலக்கியத்தின் கண் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தம் வீட்டைத் தாமே வெளியிலிருந்து பார்க்கும் இந்தப் பழக்கம் அடைத்த கேற்றைவிட வலியது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் நடேசய்யரின் கதையைச் சொல்வதுண்டு. லயத்து இஸ்தோப்பைப் பார்ப்பதற்காக ஒருவர் வேடம் பூண்டு கடல் கடந்த நாட்டில் மலையேறினார் என்றால், அந்த இஸ்தோப்பு எழுதத் தக்க இடம்தானே என்று கேட்பேன்.

இன்று ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும் உலகின் பல திசைகளிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். புகையிரதப் பெட்டியின் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். மலையழகை ரசிப்பது பிழையன்று. ஆனால் பாதையோரத்தில் இன்னும் எத்தனையோ பழைய லயங்கள் நிற்கின்றன. ஓர் ஊரைக் கண்டேன் என்று சொல்ல, அங்கு வாழ்வோரின் வாசலில் சிறிது நேரமேனும் உட்கார்ந்திருக்க வேண்டும். 1915இல் ஓய்வாகக் கிடைத்த சில நாட்களில் நடேசய்யர் செய்தது அதுதான்.